கிரனாடா வீழ்ந்தபின் நூற்றிருபது ஆண்டுகள்

கி.பி. 1364ஆம் ஆண்டு. கிரனாடாவின் சுல்தான் ஐந்தாம் முஹம்மதின் தூதராக, முப்பது வயதைச் சற்றே கடந்த அறிஞர் ஒருவர் செவில் நகருக்குச் சென்றார். அங்கே ஆட்சியிலிருந்தவர் காஸ்டீலின் கிறிஸ்தவ மன்னர் பேத்ரோ. தூதருக்கு அந்நகர் புதியதன்று. அவருடைய முன்னோர் பல தலைமுறைகளாக அங்கே செல்வாக்குடன் வாழ்ந்தவர்கள். 1248இல் செவில் வீழ்வதற்குச் சற்று முன் அக்குடும்பம் வட ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. மன்னர் பேத்ரோ அவரை மரியாதையுடன் வரவேற்று, தம்மிடமே தங்கிவிட்டால் முன்னோரின் நிலபுலன்களைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவர் பணிவுடன் மறுத்துத் திரும்பினார். அந்தத் தூதர்தாம் இப்னு கல்தூன்.

தம் குடும்பம் இழந்த ஊரைத் தம் கண்ணால் பார்த்த இந்த மனிதர், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் எழுதிய 'முகத்திமா'வில் இரண்டு கருத்துகளை முன்வைத்தார். முதலாவது, அரசுகள் ஏன் விரிகின்றன என்பது பற்றியது. 'அஸபிய்யா' என்னும் குழுப்பிணைப்பு ஒரு கூட்டத்தாரை ஆட்சியை நோக்கித் தள்ளுகிறது. பின்னர் ஆடம்பரமும் செலவும் அதே ஆட்சியை அரித்துவிடுகின்றன என்றார். இரண்டாவது, தோற்றவரைப் பற்றியது. வென்றவரின் உடை, அணிகலன், வழக்கம் ஆகியவற்றைத் தோற்றவர் பின்பற்றத் தொடங்குவர் என்றும், தம் காலத்து அந்தலூஸ் முஸ்லிம்களிடமே அப்பழக்கம் தென்படுகிறது என்றும் எழுதினார். அடுத்து வந்த இரண்டரை நூற்றாண்டு அவருடைய கருத்துகளைக் கடுமையாகச் சோதித்தது. ஒரு பகுதியை மெய்ப்பித்தது; இன்னொரு பகுதியை அவ்வளவு எளிதில் மெய்ப்பிக்கவில்லை.

நேர்மை கருதி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பெயின் மண்ணில் முஸ்லிம்களின் ஆட்சியும் ஒரு படையெடுப்பில்தான் தொடங்கியது. 711இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்தபோது உமைய்யா அரசு விரிந்துகொண்டிருந்தது. கொள்ளைப்பொருளும் வரியும் படைவீரர்க்கு நிலமும் அந்த விரிவிலும் இருந்தன. நம் சமுதாய மேடைகளில் அந்தலூஸைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டு, குர்துபாவின் நூலகங்களிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்வாரோ என்ற குர்துபா கிறிஸ்தவர், தம் இளைஞர்கள் அரபுக் கவிதையில் மயங்கி இலத்தீனை மறந்துவிட்டார்கள் என்று வருந்தி எழுதினார். இப்னு கல்தூன் சொன்ன அதே விதிதான். அங்கே தோற்றவர் கிறிஸ்தவர். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். அந்தக் கிறிஸ்தவர்கள் ஜிஸ்யா செலுத்தினார்கள், சமநிலை பெறவில்லை. ஆனால் அவர்களின் தேவாலயங்களும் ஆயர்களும் வழிபாடும் நிலைத்தன. அரபு அவர்களிடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், 1085இல் தொலேதோ நகர் கிறிஸ்தவர் கைக்கு மாறிய பிறகும் அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தம் விற்பனைப் பத்திரங்களை அரபியிலேயே எழுதிவந்தன.

இனி காஸ்டீலுக்கு வருவோம். கிரனாடா இரண்டரை நூற்றாண்டுகள் காஸ்டீலுக்குக் கப்பம் கட்டி உயிர்வாழ்ந்த சிற்றரசு. கப்பம் வந்துகொண்டிருந்தவரை அதை அழிப்பதைவிட வைத்திருப்பதே காஸ்டீலுக்கு இலாபம். அப்படியிருக்க, 1482இல் ஏன் இறுதிப்போர் தொடங்கியது? மதப்பற்று உண்மையான காரணம்தான். 1453இல் கான்ஸ்டான்டிநோபிளும், 1480இல் இத்தாலியின் ஒத்ராந்தோவும் உஸ்மானியர் வசமானது ஐரோப்பாவை உலுக்கியிருந்தது. ஆனால் அது மட்டும் அன்று. அரசி இஸபெல்லா 1479 வரை தம் அரியணைக்காகச் சொந்தப் பிரபுக்களுடனேயே போரிட்டவர். வாளேந்திய அந்தப் பிரபுக்களுக்குப் பங்கிட நிலம் வேண்டும். அவர்களின் பகையை வெளியே திருப்ப ஓர் எதிரி வேண்டும். சிலுவைப்போருக்கெனப் போப்பின் அனுமதியுடன் விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டுகள் அரண்மனைக்குப் பெரும் வருவாயைத் தந்தன. அந்த வருவாய் கிரனாடா வீழ்ந்த பின்பும் நிற்கவில்லை, நிறுத்த எந்த மன்னருக்கும் மனம் வரவில்லை. இவற்றோடு கிரனாடாவின் அரச குடும்பத்துக்குள் தந்தைக்கும் மகனுக்கும், மருமகனுக்கும் சிற்றப்பனுக்கும் நடந்த சண்டையும் சேர்ந்தது. மகன் அபூ அப்துல்லாஹ் எதிரியிடம் சிறைப்பட்டு, எதிரியுடனேயே உடன்பாடு செய்து விடுதலையானார். 1487இல் மாலகா நகரம் நீண்ட முற்றுகைக்குப் பின் வீழ்ந்தபோது, அதன் மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

விரிவு கிரனாடாவோடு நிற்கவுமில்லை. கிரனாடாவை முற்றுகையிட எழுப்பிய சாந்தா ஃபே என்னும் பாசறை நகரில்தான் 1492 ஏப்ரலில் கொலம்பஸுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதற்குச் சில நாள்கள் முன், மார்ச் 31இல், யூதர்களை வெளியேற்றும் ஆணை கிரனாடாவிலிருந்தே பிறந்தது. 1497இல் மெலில்லா, 1509இல் ஓரான். மெக்சிகோவில் கோர்த்தேஸ் கண்ட கோவில்களைத் தம் மன்னருக்கு எழுதிய மடல்களில் 'மெஸ்கித்தா', அதாவது பள்ளிவாசல் என்றே குறிப்பிட்டார். பழகிய எதிரியின் பெயரைக் கொண்டே புதிய எதிரியையும் பார்த்தார்கள். 1498இல் கோழிக்கோட்டில் வாஸ்கோ ட காமாவின் ஆள் கரையேறியபோது, அவனிடம் முதலில் பேச வந்தவர்கள் காஸ்டீல் மொழி தெரிந்த துனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர். தம் தீபகற்பத்தில் முஸ்லிம்களுக்கு வழங்கிய 'மோரோ' என்ற பெயரைப் போர்த்துக்கேயர் இலங்கைக்கும் கொண்டுவந்தனர். நம் இலங்கைச் சோனகச் சொந்தங்கள் இன்றும் ஆங்கிலத்தில் 'மூர்' என்று பதியப்படுவதன் வேர் அங்கேதான் உள்ளது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து அவர்களைத் துரத்தியபோது, கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் தந்து கிழக்குக் கரையில் குடியேற்றினார்.

1491 நவம்பரில் கையெழுத்தான சரணடைவு ஒப்பந்தம் படிப்பதற்கு மிக நல்ல ஒப்பந்தம். பள்ளிவாசல்கள் நிலைக்கும், காழிகள் ஷரீஅத்படி தீர்ப்பளிப்பர், எவரும் மதம் மாற வற்புறுத்தப்படமாட்டார், சொத்து பறிக்கப்படாது, ஆப்பிரிக்கா செல்ல விரும்புவோருக்கு மூன்றாண்டு கப்பல் இலவசம் என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. 1492 ஜனவரி 2ஆம் நாள் அல்ஹம்ராவின் சாவி கைமாறியது. முதல் பேராயர் தலவேரா பொறுமையானவர். தம் பாதிரிமார் அரபு கற்க வேண்டும் என்று விரும்பினார். எட்டாண்டுகூட அது நீடிக்கவில்லை. 1499இல் வந்த கர்தினால் சிஸ்னெரோஸ் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தார். அரபு நூல்களைத் தீயிலிட்டார். எரிந்தவை சில ஆயிரம் என்பாரும் அதற்குப் பன்மடங்கு மேல் என்பாரும் உண்டு. மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கித் தம் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. மக்கள் கிளர்ந்தார்கள். கிளர்ந்ததால் ஒப்பந்தம் செல்லாது என்று அரசு அறிவித்தது. 1502இல் காஸ்டீல் முழுவதும் ஆணை வந்தது: மதம் மாறு, அல்லது வெளியேறு. 1520களில் வலென்சியாவும் அரகோனும் அதே நிலைக்கு வந்தன. சட்டத்தின் கண்ணில் ஸ்பெயினில் முஸ்லிம் எவரும் இல்லை. 'மொரிஸ்கோ' என்னும் புதுக்கிறிஸ்தவர்களே இருந்தனர்.

இந்த இடத்தில் மார்க்க அறிஞர்கள் முன் ஒரு கடினமான கேள்வி எழுந்தது. ஃபாஸ் நகரின் பேரறிஞர் அல்வன்ஷரீஸி, முஸ்லிமல்லாதார் ஆட்சியின்கீழ்த் தங்கியிருப்பது கூடாது, இயன்றவர் ஹிஜ்ரத் செய்தே ஆக வேண்டும் என்று உறுதியாகத் தீர்ப்பளித்தார். மாலிகி மத்ஹபில் அது வலுவான நிலைப்பாடு. ஆனால் கழனியும் முதிய பெற்றோரும் கைக்குழந்தையும் உள்ள ஏழை விவசாயி எந்தக் கப்பலில் ஏறுவான்? 1504இல், பிறப்பால் அல்லது வாழ்வால் வஹ்ரான் நகரோடு தொடர்புடைய அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ என்ற முஃப்தி வேறொரு விடையை அனுப்பினார். நெருப்புக் கங்கைக் கையில் பிடித்திருப்பவரைப் பற்றிய நபிமொழியை நினைவூட்டி, அந்த மக்களை அவர் அன்புடன் விளித்தார். பகலில் தொழ முடியாவிடில் இரவில் தொழுங்கள். நின்று தொழ முடியாவிடில் சைகையால் தொழுங்கள். உளூவுக்கு வழியில்லையெனில் சுவரில் கையைத் தடவித் தயம்மும் செய்யுங்கள். அதுவும் இயலாவிடில் மண்ணையோ கல்லையோ கண்ணால் நோக்குங்கள். ஜகாத்தை ஏழைக்குக் கொடுக்கும் தர்மம் போலக் கொடுங்கள். மதுவைக் குடிக்க வற்புறுத்தினால் உள்ளத்தில் வெறுத்தபடி குடியுங்கள். சிலையின் முன் பணியச் சொன்னால் நிய்யத்தை அல்லாஹ்வின்பால் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த மடலின் சாரம் இவ்வளவே.

இதைப் படித்த நம்மில் சிலருக்குத் தயக்கம் வரலாம். வர வேண்டியதும்தான், இயல்பான காலத்துக்குரிய சலுகை அன்று அது. ஆனால் அல்வன்ஷரீஸியின் தீர்ப்பு கடல் கடக்க முடிந்தவருக்கு வழிகாட்டியது. வஹ்ரானியின் மடல் கடல் கடக்க முடியாதவரின் வீட்டுக்குள் ஈமானை வைத்திருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின்பும் அம்மடல் அங்குள்ள மக்களின் மொழியில் பெயர்க்கப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்தது என்பதே அதன் தேவைக்குச் சான்று.

மக்களின் மொழி என்றேன். இங்கேதான் தமிழ் முஸ்லிம் வாசகர் சற்று நிமிர்ந்து உட்காரக்கூடும். அரகோன், காஸ்டீல் பகுதிகளில் நெடுங்காலம் கிறிஸ்தவ ஆட்சியின்கீழ் வாழ்ந்த முஸ்லிம்கள், கிரனாடா வீழ்வதற்கு முன்பே அரபியைப் பேச்சில் இழந்திருந்தனர். செகோவியா நகரின் ஆலிம் ஈஸா 1456இல் திருக்குர்ஆனைக் காஸ்டீல் மொழியில் பெயர்த்தார். 1462இல் ஃபிக்ஹ் சட்டச் சுருக்கம் ஒன்றையும் அதே மொழியில் எழுதினார். பின்வந்தவர்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். அரபியில் இல்லாத 'ப' ஒலிக்குப் 'பே' எழுத்தின்மேல் ஷத்து இட்டார்கள். 'ச்ச' ஒலிக்கு ஜீமின்மேல் ஷத்து. 'ஞ' ஒலிக்கு நூனின்மேல் ஷத்து. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் முன்னோர் அரபு எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி 'ட', 'ழ', 'ள' ஒலிகளை எழுதிய அரபுத்தமிழும் இதே உத்திதான். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். நம்முடைய அரபுத்தமிழ் வணிகத்திலும் மத்ரஸாவிலும் வெளிப்படையாக வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அதில் ஃபிக்ஹ் நூல் எழுதியபோது அதை எவரிடமிருந்தும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. அல்ஹமியாதோ நூல் ஒன்று வீட்டில் அகப்பட்டாலோ இன்குவிசிஷன் விசாரணை காத்திருந்தது.

அந்த விசாரணைப் பதிவுகள் ஒரு விந்தையான வரலாற்று ஆவணம். பிடிக்கப்பட்டவர்மீது சுமத்திய குற்றங்களைப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை தூய ஆடை உடுத்தினார், பன்றி இறைச்சி தின்ன மறுத்தார், கை கால் முகம் கழுவினார், மருதாணி இட்டார், தரையில் அமர்ந்து உண்டார், ஒரு மாதம் பகலில் பட்டினி கிடந்தார், குழந்தைக்கு ஏழாம் நாள் பெயர் வைத்தார். ஏறத்தாழ எல்லாமே அடுக்களையிலும் முற்றத்திலும் நடப்பவை. பள்ளிவாசலும் மத்ரஸாவும் காழியும் பறிபோன பின், மார்க்கம் வீட்டுக்குள் சுருங்கியது. வீட்டைக் காத்தவர்கள் பெண்கள். அதனால் விசாரணை மேடையிலும் பெண்கள் பெருமளவில் நிறுத்தப்பட்டார்கள். அக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய, 'அரேவலோ இளைஞர்' என்று மட்டும் அறியப்படும் ஆசிரியர், தாம் பாடம் கேட்டவர்களில் ஒருவராக 'உபேதாவின் முஸ்லிம் மூதாட்டி'யைக் குறிப்பிடுகிறார். தொண்ணூறு வயதைக் கடந்த அந்த மூதாட்டி குர்ஆன் விளக்கத்திலும் சட்டத்திலும் அறிஞராக மதிக்கப்பட்டவர்.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 1526இலேயே அரபு மொழி, உடை, குளியல் ஆகியவற்றைத் தடைசெய்ய முடிவெடுத்தது. மொரிஸ்கோக்கள் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குப் பெருந்தொகை கொடுத்து அதை நாற்பதாண்டு ஒத்திவைக்கச் செய்தனர். ஒரு பண்பாடு தன் ஆயுளைத் தவணை முறையில் விலைகொடுத்து வாங்கியது என்றே சொல்ல வேண்டும். தவணை முடிந்தது. 1567 ஜனவரி முதல் நாள் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணை கிரனாடாவில் பறைசாற்றப்பட்டது. மூன்றாண்டுக்குள் அனைவரும் காஸ்டீல் மொழி கற்க வேண்டும். அதன்பின் அரபியில் பேசுவதும் எழுதுவதும் குற்றம். பெண்கள் முகத்திரை இடக்கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டுக் கதவு திறந்தே இருக்க வேண்டும். குளியலகங்கள் இடிக்கப்படும். முஸ்லிம் பெயர்கள் கூடாது.

இதற்கு எதிராக ஃபிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற முதியவர் கிரனாடா நீதிமன்றத் தலைவரிடம் அளித்த மனு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அவர் மொரிஸ்கோப் பிரபு. இளமையில் பேராயர் தலவேராவிடம் பணிசெய்தவர். தம்மைக் கிறிஸ்தவராகவே முன்னிறுத்தி வாதிட்டவர். எங்கள் பெண்களின் உடை மதத்தின் உடை அன்று, இந்த நாட்டின் உடை. மொராக்கோவிலும் துருக்கியிலும் முஸ்லிம்கள் வேறுவேறு விதமாக உடுத்துகிறார்களே என்றார். அரபு மொழிக்கும் மதத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஜெரூசலத்திலும் மால்டாவிலும் கிறிஸ்தவர்கள் அரபு பேசவில்லையா என்றார். குளியலகம் அழுக்குப் போக்குவதற்கு. இரகசியத் தொழுகை நடத்துபவன் எல்லோரும் நடமாடும் குளியலகத்தையா தேர்ந்தெடுப்பான் என்று கேட்டார். முதிய குடியானவர் மூன்றாண்டில் புதுமொழி கற்பது எப்படி, பழைய பத்திரங்களெல்லாம் அரபியில் இருக்க நிலவுரிமையை எப்படி நிறுவுவது என்றும் கேட்டார். ஒவ்வொன்றும் மறுக்க முடியாத வாதம். எதுவும் எடுபடவில்லை.

1568 டிசம்பரில் அல்புஹாரா மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. இரு தரப்பிலும் கொடுமைகள் நடந்தன; கிளர்ச்சியாளர் பாதிரிமாரைக் கொன்றனர், அரசப் படை ஊர்களையே அழித்தது. 1570இல் கிரனாடா மொரிஸ்கோக்கள் பல்லாயிரக்கணக்கில், குளிர்காலத்தில், நடைப்பயணமாகக் காஸ்டீலின் ஊர்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். வழியில் இறந்தோர் மிகப் பலர்.

இப்னு கல்தூனின் இரண்டாம் கருத்து இங்கேதான் சிக்கலாகிறது. தோற்றவர் வென்றவரைப் பின்பற்றுவர் என்றார் அவர். மொரிஸ்கோக்களில் மெய்யாகவே கிறிஸ்தவராக மாறியவரும் இருந்தனர். ஆனால் மாறியவருக்கும் கதவு திறக்கவில்லை. 1449இல் தொலேதோவில் யூத மரபினரைக் குறிவைத்துத் தொடங்கிய 'இரத்தத் தூய்மை' விதிகள், பாட்டன் முஸ்லிமாயிருந்தவருக்கும் பதவிகளையும் மடங்களையும் அடைத்தன. மாறு என்று கட்டளையிட்ட அரசே, மாறியவனை நீ மாற முடியாதவன் என்றும் சொன்னது. 1595 முதல் கிரனாடாவின் சாக்ரோமோந்தே குன்றில் ஈயத் தகடுகளில் எழுதிய அரபு நூல்கள் 'கண்டெடுக்கப்பட்டன'. ஸ்பெயினுக்கு முதன்முதலில் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர்களில் அரபியரும் இருந்தனர் என்று அவை கூறின. மொரிஸ்கோ அறிஞர்கள் சிலர் செய்த போலி அவை என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. தம் மொழிக்கு அந்த மண்ணில் ஓர் இடம் தேடி எடுத்த கடைசி முயற்சி அது. கிரனாடா மக்கள் அவற்றைப் புனிதமாகக் கொண்டாடினர். 1682இல் வத்திக்கான் போலியெனத் தள்ளியது.

அதற்குள் காலம் கடந்திருந்தது. 1609 ஏப்ரல் 9ஆம் நாள், டச்சுக் கிளர்ச்சியாளருடன் மானம் போகும் சமாதானத்துக்கு ஸ்பெயின் இணங்கிய அதே நாளில், மொரிஸ்கோக்களை அடியோடு வெளியேற்ற மூன்றாம் ஃபிலிப் முடிவெடுத்தார். வெளியே பின்வாங்கிய பேரரசு உள்ளே ஒரு வெற்றியைத் தேடியது என்று வரலாற்றாசிரியர் பலர் இதைப் படிக்கின்றனர். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டனர். சிறு குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரித்து நிறுத்திக்கொள்ளப்பட்டனர். வலென்சியா தன் மக்களில் மூன்றிலொரு பங்கை இழந்தது. அங்கு வெளியிட்ட ஆணையில் ஒரு விதிவிலக்கு உண்டு: சர்க்கரை ஆலையும் நெல் விளைச்சலும் நீர்ப்பாசனமும் கெடாதிருக்க, நூறு குடும்பத்துக்கு ஆறு குடும்பம் தங்கிப் புதியவருக்குத் தொழில் கற்றுத் தரலாம். அந்தச் சலுகையைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

சென்றவர்களை எல்லா இடமும் வரவேற்கவில்லை. வட ஆப்பிரிக்கக் கரையில் சிலர் கொள்ளையடிக்கப்பட்டனர். துனிஸின் ஆட்சியாளர் உஸ்மான் தாய் மட்டும் வரி விலக்கும் நிலமும் தந்தார். அவர்கள் எழுப்பிய தெஸ்தூர் என்ற ஊர், ஸ்பானியச் சதுக்கமும் ஸ்பானிய ஓட்டுக் கூரையுமாக இன்றும் நிற்கிறது. துனிஸில் செம்மைபெற்ற சிவப்புக் கம்பளித் தொப்பித் தொழில் அவர்களுடையது. தம் பிள்ளைகளுக்குத் தொழுகையும் நோன்பும் கற்பிக்க அவர்கள் அங்கே எழுதிய நூல்கள் ஸ்பானிய மொழியில் இருந்தன. அவர்களில் ஒருவர் மார்க்க விளக்கத்தின் நடுவே, தம்மைத் துரத்திய நாட்டின் கவிஞர் லோப்பே தெ வேகாவை மேற்கோள் காட்டுகிறார். ஸ்பெயினில் முஸ்லிம்களுக்காக நெஞ்சில் வளர்த்த ஏக்கம், துனிஸில் ஸ்பெயினுக்கான ஏக்கமாகவும் ஆனது.

ஸ்பானிய மொழி அவர்களை விட்டுவைத்திருக்கிறது. வாய்க்காலுக்கு 'அஸெக்கியா', எண்ணெய்க்கு 'அஸெய்த்தே'; நல்லது நடக்கட்டும் என்று விரும்புவோர் சொல்லும் 'ஓஹலா' என்பதில் அல்லாஹ்வின் பெயர் உள்ளது. வலென்சியாவில் வியாழன்தோறும் நண்பகலில், முன்பு பள்ளிவாசல் நின்ற இடத்திலுள்ள பேராலயத்தின் வாசலில், விவசாயிகளின் நீர் நீதிமன்றம் கூடி வாய்மொழியாகவே வழக்குத் தீர்க்கிறது. அந்த வழக்கம் முஸ்லிம் காலத்திலிருந்து வருவதாக ஊர்மரபு சொல்கிறது.

1884இல் அரகோன் பகுதியின் அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளம் ஒன்றுக்கு அடியில் கையெழுத்துப் பிரதிகள் குவியலாகக் கிடைத்தன. துணியில் சுற்றி, ஈரம் படாதபடி உப்பிட்டு அடுக்கியிருந்தார்கள். மதிப்பு தெரியாமல் ஒரு பகுதி அங்கேயே எரிக்கப்பட்டது; மிஞ்சியவை இன்று பெரும்பாலும் மத்ரித் நகரில் உள்ளன. தொழுகை முறை, துஆ, நபிமார் வரலாறு, வாரிசுரிமைச் சட்டம், நூல் கட்டும் கருவிகள். திரும்பி வந்து எடுத்துக்கொள்வதற்காகவே அப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.